ஏரிப் பாதையில் ஒரு குறுக்குக் கம்பி

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு நடக்காது. பின்சீட்டில் ஒருத்தன் இன்னொருத்தன் காதைக் கடிக்கிறான் என்றால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எழுந்துபோய் விலக்கவா முடியும்? கண்ணாடியில் பார்த்து ஒரு சத்தம் போட வேண்டும். அவள் போடுகிற சத்தத்தில் காதைக் கடித்தவன் வாயை எடுப்பான், கடிபட்டவனும் அழுகையை நிறுத்துவான், வெளியே நடைபாதையில் போகிற சம்பந்தமில்லாத ஆளும் ஒருமுறை நின்று தன் மேல் ஏதாவது தப்பு இருக்கிறதா என்று யோசிப்பார். டிப்போவில் அவளுக்கு ‘ஹாரன்’ என்று பெயர். அவளுக்கு அதில் வருத்தமே கிடையாது. சத்தம் போடாதவர்களுக்கு யார் வழி விட்டார்கள் என்று கேட்பாள்.

அவள் வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். லிஃப்ட் மெக்கானிக். சண்டை வருகிற வாடை அடித்தாலே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுகிற ரகம். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கை பட்டுத்தான் ஓடியது. ஒருநாள் வேலையிடத்தில் மேலேயிருந்து விழுந்து முதுகுத்தண்டு போனது. அதோடு இரண்டு கால்களும் போயின. ஊரெல்லாம் படி ஏறாமல் பார்த்துக்கொண்ட மனுஷனுக்கு இன்றைக்கு ஒற்றைப் படியே மலை. இதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது.

வேலை போனாலும் கருவிகளை அவர் விடவில்லை. ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சின்ன எண்ணெய்க் குப்பி எல்லாம் ஒரு தடித்த துணியில் சுருட்டிச் சக்கர நாற்காலிக்கு அடியில் கட்டியிருக்கும். “எதுக்குங்க இந்தப் பாரம்?” என்று அவள் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். “நீ மட்டும் பஸ் சாவியைத் தலையணைக்கு அடியில வெச்சுக்கிட்டுத் தூங்குறியே, நான் கேட்டேனா?” என்பார்.

வாரம் முழுவதும் அவரை யாராவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வீடு குறுகல். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே நாற்காலியைத் திருப்புவதற்குள் சுவரில் இரண்டு இடத்தில் சுண்ணாம்பு பெயரும். தெருவில் இறங்கினால் நடைபாதை மேடும் பள்ளமும். அவள்தான் பின்னால் நின்று தள்ளுவாள், இழுப்பாள், தூக்குவாள், வழியில் நிற்கிறவர்களைத் திட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதையே வேறு. ஊர் எல்லையில் மாவட்டப் பூங்கா ஒன்று இருக்கிறது. பெரிய ஏரி, அதைச் சுற்றி நடைப் பாதை. நுழைய யாருக்கும் தடை கிடையாது, கட்டணமும் கிடையாது. கார் நிறுத்துகிற இடத்திலிருந்து ஏரிக்குப் போக இரண்டு வழி. ஒன்று செங்குத்தாக இறங்குகிற படிக்கட்டு, அது இவர்களுக்கு ஆகாது. இன்னொன்று மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற சமதளப் பாதை. மேடு இல்லை, பள்ளம் இல்லை, கல் இல்லை. அந்தப் பாதையின் வாயில் வந்ததும் அவர் கையைத் தூக்குவார். அவள் நாற்காலியை விட்டுவிடுவாள். அதற்குப் பிறகு அவர் பாடு, அவர் சக்கரங்கள் பாடு. அவரே உருட்டிக்கொண்டு முன்னால் போவார். சில சமயம் வேகம் பிடித்து வளைவில் மறைந்தே போய்விடுவார். அவள் பின்னால் வெறுங்கையை வீசிக்கொண்டு நடப்பாள். கல்யாணமான புதிதில் கூட அவள் அப்படிக் கையை வீசிக்கொண்டு நடந்ததில்லை.

பாதை முடிகிற இடத்தில் தண்ணீருக்கு மேலே நீட்டி ஒரு மரத்தளம். அதன் விளிம்பு வரை போய் அவர் நாற்காலிக்கு பிரேக் போடுவார். பலகைக்கு அடியில் தண்ணீர் தட்டுகிற சத்தம் கேட்கும். வாத்துகள் கூட்டமாக வந்து, இந்த ஆளிடம் தீனி கிடையாது என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். அவள் பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறப்பாள். அவளுக்கு அந்தப் பூங்கா தன் சொந்தச் சொத்து என்றே நினைப்பு. “நம்ம மரத்துக் கிளையை எவனோ ஒடிச்சிருக்கான் பாருங்க,” “நம்ம பெஞ்சுல பெயின்ட் உரிஞ்சு போச்சு, சொல்லணும்,” என்று அதட்டிக்கொண்டே இருப்பாள். அவர் எதற்கும் பதில் சொல்லமாட்டார். யாரும் தூக்காத, நகர்த்தாத, தள்ளாத அந்த ஒரு நேரத்தை அவர் வாயைத் திறந்து வீணாக்குவதில்லை.

இதில் ஒரே ஒரு நெருடல். பாதையின் நடுப்பகுதி ஒரு வரிசை புது வீடுகளின் பின்புறத்தை ஒட்டிப் போகிறது. அதில் மூன்றாவது வீடு அவளுடைய சொந்த அண்ணனுடையது. டைல்ஸ் கடை வைத்து நன்றாக வந்துவிட்டவன். வீட்டின் முன்வாசல் மேட்டில் உயரமான படிகளோடு இருக்கிறது. “மாப்பிள்ளைக்குப் படி கஷ்டமாச்சே” என்ற சாக்கில் விபத்துக்குப் பிறகு அவர்களை அவன் வீட்டுக்குக் கூப்பிட்டதே இல்லை. பின்தோட்டத்துக் கதவோ பாதையோடு சமமாக இருக்கிறது. ஒருநாளாவது அதைத் திறந்து “உள்ள வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க” என்று சொல்ல அண்ணனுக்குத் தோன்றவில்லை. ஞாயிறு தோறும் இவர்கள் அந்தப் பக்கம் போகும்போது அண்ணி ஜன்னல் திரையை இழுத்துவிடுவாள். வெயிலுக்காக இருக்கும் என்று அவர் சொல்வார். மழை நாளிலும் இழுக்கிறாளே என்று இவள் சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல வேகம் பிடித்து வளைவில் மறைந்தார். அவள் அவசரப்படாமல் நடந்து வந்தாள். வளைவைத் தாண்டிப் பார்த்தால் மனுஷன் நின்றிருந்தார். அண்ணன் வீட்டு வரிசை தொடங்குகிற இடத்தில் பாதையின் குறுக்கே புத்தம் புதிதாக இரண்டு வளைந்த இரும்புக் கம்பிகள், ஒன்றுக்கு முன்னால் ஒன்றாக, மாற்றி மாற்றி. நடக்கிறவர்கள் உடம்பை நெளித்து நுழைந்து போகலாம். நாற்காலி போகாது. அவர் முன்னால் உருட்டிப் பார்த்தார், கால் வைக்கும் தகடு கம்பியில் இடித்தது. பின்னால் வந்து சாய்த்து ஒருமுறை முயன்றார், மறுபடி இடித்தது. ஓடிக்கொண்டிருந்த ஒருத்தர் “கொஞ்சம் வழி” என்று சொல்லி அவரைச் சுற்றிக்கொண்டு கம்பிக்குள் நெளிந்து போய்விட்டார்.

“என்னங்க இது அநியாயம்?” என்று அவள் ஆரம்பித்தாள்.

“விடு. திரும்பிடலாம்.”

வாய்தான் திரும்பலாம் என்றது. கை சக்கரத்தின் மேல் அப்படியே இருந்தது. திரும்புவதற்கான எந்த வேலையையும் அது செய்யவில்லை. கடைசியில் அவள்தான் நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தாள். அந்தப் பாதையில் அவள் அவரைத் தள்ளியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மறுநாள் பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள்.

“அந்தக் கம்பி நாங்க போட்டது இல்லைங்க. அங்க கம்பி போட யாருக்கும் நாங்க அனுமதியும் கொடுக்கல.”

“அப்ப எடுத்துடுங்க.”

“நேர்ல வந்து பாக்கணும்ங்க. ஆள் குறைவு. அனுப்புறோம்.”

அடுத்த வாரமும் அனுப்புகிறோம் என்றார்கள். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். அனுப்பப்படுகிற அந்த ஆள் எந்தத் தேசத்திலிருந்து நடந்து வருகிறானோ தெரியவில்லை. அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“நானா போட்டேன்? குடியிருப்போர் சங்கம் போட்டுச்சு,” என்றான் அண்ணன்.

“சங்கத்துக்குச் செயலாளர் யாரு?”

“நான்தான். அதுக்காக நானே எல்லாம் பண்ண முடியுமா? பைக்காரப் பசங்க தொல்லை தாங்கல. அதுக்குத்தான் போட்டோம்.”

“நான் வாரா வாரம் வர்றேன். ஒரு பைக் கூட பாத்ததில்ல.”

“நீ வர்ற நேரம் வராது.” கொஞ்சம் மழுப்பினான். “இங்க பாரு, மாவட்டத்துல பூங்காவுக்கா பஞ்சம்? வேற ஒண்ணுக்குப் போங்களேன்.”

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி போனை வாங்கிக்கொண்டாள். அண்ணிக்குத் தேனொழுகுகிற குரல். அந்தக் குரலில் அவள் எதை வேண்டுமானாலும் சொல்வாள்.

“தப்பா எடுத்துக்காதம்மா. பொண்ணு பாக்க வர்றவங்களைப் பின்னாடி தோட்டத்துலதான் உக்கார வெக்கிறோம். ஏரி தெரியும்ல, நல்லா இருக்கும்னு. அந்த நேரம் பாத்து கீச்சு கீச்சுன்னு அந்த நாற்காலி போகுது. ‘யாரு அது’ன்னு கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்ல?”

“எங்க வீட்டு மாப்பிள்ளைன்னு சொல்லுங்க அண்ணி,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வைத்துவிட்டுத் திரும்பினால் அவர் வாசல்படி ஓரத்தில் நாற்காலியில் இருந்தார். அவளுடைய போன் பழசு. அதில் பேசினால் எதிராளியின் குரல் வீடு முழுக்கக் கேட்கும். எதுவும் காதில் விழாதது மாதிரி அவர் குனிந்து, நாற்காலிக்கு அடியிலிருந்து துணிச் சுருளை எடுத்து மடியில் விரித்தார். எண்ணெய்க் குப்பியை எடுத்தார். அந்த இடது சக்கரம் ரொம்ப நாளாகவே கீச்சிட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கு நாளைக்கு என்று அவர்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

குப்பியின் மூடியைத் திறந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தினார். பிறகு மூடியைத் திருகி, குப்பியைச் சுருளில் வைத்துக் கட்டிவிட்டார்.

“வேண்டாம். கத்தட்டும்,” என்றார்.

அண்ணன் மேல் இருந்த கோபம் அந்த நொடியில் அவளுக்குப் பத்தாமல் போயிற்று.

*

சில வாரங்கள் கழித்து அண்ணன் நேரிலேயே வந்தான். மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பெரிய இடம், பின்தோட்டத்தில் விருந்து, பந்தல், நாற்காலி, எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. சோபாவின் நுனியில், எப்போது எழுந்திருக்கலாம் என்று பார்க்கிறவன் மாதிரி உட்கார்ந்து பேசினான்.

“மாப்பிள்ளை அவசியம் வரணும். முன்வாசல்ல நாலு பசங்களை நிறுத்தி வெக்கிறேன். நாற்காலியோட அலாக்கா தூக்கி உள்ள கொண்டுவந்துடுவாங்க. ஒரு கஷ்டமும் இல்ல.”

“பாத்து மச்சான்,” என்றார் அவர். “பீரோவைப் படியில ஏத்தணும்னா முன்னாடியே கதவைக் கழட்டிடுவாங்க. என்னை ஏத்தறதுக்கு எதைக் கழட்டப் போறீங்க?”

அண்ணன் பெரிதாகச் சிரித்தான். என்ன சொன்னார் என்பது அவனுக்கு ஏறவில்லை.

“பின்வாசல் வழியா வர்றோம்,” என்றாள் அவள். “ஏரிப் பாதையில வந்தா ஒருத்தர் தயவும் வேண்டாம். அந்தக் கம்பியை மட்டும் எடுத்துடு.”

“அது சங்கம் கூடி முடிவு பண்ணணும். விசேஷம் முடியட்டும், பாக்கலாம்.”

“உன் பொண்ணு விசேஷத்துக்கு உன் தங்கச்சி புருஷன் வர்றதுக்குச் சங்கம் கூடணுமா?”

“வந்த இடத்துல சண்டை போடாத,” என்று எழுந்துவிட்டான். வாசலில் செருப்பை மாட்டும்போது அவளை மட்டும் தனியாகப் பார்த்து, “பெரிய இடத்து ஆளுங்க வர்றாங்க. கொஞ்சம் வாயை அடக்கிக்கோ,” என்றான்.

அவன் போனதும் அவள் குதித்தாள். நிச்சயதார்த்தமாவது ஒன்றாவது, எவன் வீட்டு விருந்து யாருக்கு வேண்டும் என்று பாத்திரங்களை உருட்டினாள். அவர் அந்தச் சத்தம் அடங்குகிற வரை பொறுத்திருந்தார்.

“பொண்ணு போன்ல என்கிட்ட தனியா சொல்லியிருக்கா, மாமா நீங்க வராம இருக்கக் கூடாதுன்னு. சின்னப் புள்ளையில அவளை லிஃப்ட் பட்டன் அமுக்க விட்டு ஒரு கட்டடத்தையே ஸ்தம்பிக்க வெச்சிருக்கேன். போகணும்.”

“நாலு பேர் உங்களைத் தூக்குறதை நான் நின்னு பாக்க மாட்டேன்.”

“நானும்தான் தூக்க விட மாட்டேன். ஏரிப் பாதையிலயே போவோம்.”

“கம்பி இருக்கேங்க!”

“கம்பி வரைக்கும் பூங்காதானே? நம்ம பூங்கா. அதுவரைக்கும் போறதை யாரு தடுக்கறது?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இந்த மனுஷன் ஒரு விஷயத்தில் முறுக்கிக்கொண்டு அவள் பார்த்ததில்லை. “அப்ப அன்னைக்கு முட்டை அவிச்சு எடுத்துக்கறேன்,” என்று மட்டும் சொன்னாள்.

*

நிச்சயதார்த்தம் அன்று இரண்டு பேரும் இருப்பதில் நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போனார்கள். பாதையின் வாயிலில் அவர் கையைத் தூக்கினார், அவள் விட்டுவிட்டாள். கையில் முட்டையும் ரொட்டியும் பிளாஸ்கும் இருந்த கூடை. நல்ல காற்று. மரங்களுக்கு நடுவே ஏரி விட்டு விட்டுத் தெரிந்தது. சக்கரம் கீச்சு கீச்சு என்று கத்திக்கொண்டே போயிற்று. அது இவ்வளவு சத்தமாகக் கத்தி அவள் கேட்டதே இல்லை, அல்லது அன்றைக்குத்தான் காது கொடுத்துக் கேட்டாளோ என்னவோ.

கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்ச் உண்டு. அதற்குப் பக்கத்தில் அவர் நாற்காலியை நிறுத்தி பிரேக் போட்டார். அங்கிருந்து பார்த்தால் அண்ணன் வீட்டுத் தோட்டம் அப்படியே தெரியும். வெள்ளைப் பந்தல், பூ, பட்டுச் சேலைகள், கையில் குளிர்பானத்தோடு ஜனங்கள். அவர்களுக்கும் இவர்கள் அப்படியே தெரிவார்கள். கீச்சிடுகிற சத்தம் கேட்டு ஏற்கனவே பாதித் தலைகள் திரும்பிவிட்டன. அவள் பெஞ்சின் மேல் ஒரு துணியை உதறி விரித்தாள். முட்டையை எடுத்து பெஞ்சின் விளிம்பில் தட்டி உரித்தாள். தேநீரை உயரத்திலிருந்து ஊற்றினாள்.

“முட்டைக்கு மிளகு போடவாங்க?” என்று கேட்டாள். தோட்டத்துக்கு அந்தப் பக்கம் சமையல்காரர்கள் வரை கேட்டிருக்கும்.

பின்கதவைத் திறந்துகொண்டு அண்ணன் வந்தான். புதுச் சட்டை, புது வேட்டி, முகத்தில் ஈயாடவில்லை. ஓடினால் ஓடுவது தெரிந்துவிடும் என்பதால் வேகவேகமாக நடந்து வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

“என்ன பண்ற நீ?”

“ஞாயித்துக்கிழமை. பூங்காவுக்கு வந்திருக்கோம்.”

“முன்பக்கம் வா. பசங்க நிக்கிறாங்க.”

“நிக்கட்டும். நல்ல காத்து வருது, நாங்க இங்கயே இருக்கோம்.”

“ஏன்டி என் மானத்தை வாங்குற? எல்லாரும் பாக்குறாங்க!” பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது.

“நான் உன் வாசலை மிதிச்சேனா? உன் தோட்டத்துல கால் வெச்சேனா? இது பொது இடம். நீ பூங்காவை வேடிக்கை பாக்கத் தோட்டம் போடலாம், நாங்க பூங்காவுல உக்காந்து முட்டை திங்கக் கூடாதா?”

அதற்குள் நிச்சயப் பெண்ணே வந்துவிட்டாள். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கம்பிகளுக்கு நடுவே நெளிந்து நுழைந்தாள். முந்தானை ஒரு போல்ட்டில் மாட்டி இழுத்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து மாமாவின் கையைப் பிடித்தாள், பிறகு பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அத்தை, எனக்கும் ஒரு முட்டை. காலையிலிருந்து போட்டோ எடுக்கறேன்னு பட்டினி போட்டுட்டாங்க.”

பின்னாலேயே மாப்பிள்ளையின் அம்மா வந்தார். நல்ல கனமான உடம்பு. கம்பியைப் பார்த்தார், தன்னைப் பார்த்துக்கொண்டார், நுழைகிற யோசனையைக் கைவிட்டு அந்தப் பக்கமே நின்றார். அவருக்குப் பின்னால் அண்ணி.

“யாரு சம்பந்தி இவங்க?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

அண்ணி எதற்காகக் கம்பி போட வைத்தாளோ அந்தக் கேள்வி, கம்பி போட்ட இடத்திலேயே வந்து நின்றது. அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் ஏரியைப் பார்த்தான்.

“வணக்கம்மா,” என்று நாற்காலியில் இருந்தபடியே அவர் கை கூப்பினார். “நான் லிஃப்ட் மெக்கானிக். இந்த வீட்டு மாப்பிள்ளை. மச்சானோட தங்கச்சியைத்தான் கட்டியிருக்கேன். உள்ள வர வழி இல்ல, அதான் இங்கயே உக்காந்துட்டோம்.”

“வழி இல்லையா? இதோ பாதை வீட்டு வாசல் வரைக்கும் வருதே. குறுக்க இந்தக் கம்பியை எவன் நட்டான்?”

பெண்ணின் வாயில் முட்டை இருந்தது. இருந்தும் கையை நீட்டி அப்பாவைக் காட்டினாள்.

அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. “அது வந்து… பைக் தொல்லை…” என்று இழுத்தவன், சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினான். “டேய், நாலு பேரும் இந்தப் பக்கம் வாங்கடா! மாப்பிள்ளையைத் தூக்கி இந்தப் பக்கம் வைங்க. சீக்கிரம்!”

முன்வாசலில் நின்றிருந்த நாலு பேரும் ஓடி வந்தார்கள். கடையில் டைல்ஸ் பெட்டி தூக்குகிற ஆட்கள், கைகள் உரம் ஏறியவை. ஆளுக்கொரு பக்கமாக நெளிந்து வந்து, ஒருத்தன் குனிந்து நாற்காலியின் சட்டத்தில் கை வைத்தான்.

“எட்றா கையை!”

பஸ்ஸில் போடுகிற சத்தம் அல்ல அது. அதைவிடப் பெரியது உள்ளே இருக்கிறது என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. குனிந்தவன் சூடு பட்டவனாகக் கையை எடுத்தான். கரையோரம் இருந்த வாத்துகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பிப் பறந்தன.

“அவரு சாமான் இல்ல, தூக்கி வெக்கிறதுக்கு. தானா வந்தாரு. தானா உருட்டிக்கிட்டு வந்தாரு. எங்கிருந்து எங்க வரைக்கும்னாலும் அவரு தானாப் போவாரு. போக முடியாம பண்ணினது நீ. இவங்க கை வெச்சுத் தூக்கி அதைப் பூசி மெழுகப் பாக்காத.”

சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. இதற்கு மேல் என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. கத்துகிற வரைக்கும்தான் அவள் யோசித்து வைத்திருந்தாள். கம்பி கம்பியாகவே நின்றது.

“என்னம்மா,” என்றார் அவர், சாதாரணமாக. “அந்தச் சுருளை எடு.”

அவள் குனிந்து நாற்காலிக்கு அடியிலிருந்து துணிச் சுருளை அவிழ்த்துக் கொடுத்தாள். அவர் அதை மடியில் விரித்தார். பிரேக்கை விடுவித்து, முன்னால் இருந்த கம்பியின் காலுக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு போய் மறுபடி பிரேக் போட்டார். கம்பியின் இரண்டு கால்களும் சிமென்ட்டில் தகடு வைத்து நட்டு போட்டு முறுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு ஸ்பேனராக வைத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் நன்றாகச் சாய்ந்தார். அவர் கவிழாமல் இருக்க அவள் பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். முதல் நட்டு அசையவில்லை. அவர் மூச்சைப் பிடித்து இன்னொரு முறை அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. நட்டு ஒரு சத்தம் போட்டு இளகியது.

“மாப்பிள்ளை, மாப்பிள்ளை! என்ன பண்றீங்க? அது சங்கத்துச் சொத்து!”

“பாதை யாரோட சொத்து மச்சான்?”

அண்ணன் திரும்பி, பந்தலிலிருந்து யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்தான்.

“பூங்கா ஆபீஸ்ல நாங்க போடலன்னுட்டாங்க. யாருக்கும் அனுமதி கொடுக்கலன்னும் சொல்லிட்டாங்க. உடைக்கல மச்சான், கழட்டத்தான் கழட்டறேன். ஒரு நட்டு குறையாம கொடுத்துடறேன்.”

நல்ல உடுப்பில் சிமென்ட் தூசி ஒட்டியது. ஒரு நட்டு கழன்று மடியில் விழுந்தது, பிறகு இன்னொன்று. ஒரு காலை முடித்துவிட்டு நாற்காலியைத் திருப்பி அடுத்த காலுக்குப் போனார். பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேலியோரம் வந்து நின்றார்கள். சம்பந்தி அம்மாள் இடுப்பில் கை வைத்து, வேலை சரியாக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கிறவர் மாதிரி நின்றார். அவள் அவரது தோளைப் பிடித்தபடியே இருந்தாள். எத்தனையோ வருஷம் இவருக்காக ஊரோடு சண்டை போட்டிருக்கிறாள், இவருக்குச் சண்டை போடத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, துடைக்கக் கை இல்லை.

கடைசி நட்டில் ஸ்பேனரை வைத்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

“மச்சான், அந்தப் பக்கம் பிடிங்க. நல்ல பாரம். விழுந்தா உங்க கால்லதான் விழும்.”

இந்த மனுஷன் வாயைத் திறந்து அண்ணனிடம் ஒரு உதவி கேட்டது கிடையாது. இன்றைக்குக் கேட்டுவிட்டாரே என்ற திகைப்போ, கால் மேல் இருந்த பயமோ, அண்ணன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துவிட்டான். கடைசி நட்டு கழன்றது. கம்பியின் பாரம் முழுக்கப் புதுச் சட்டையின் மேல் சாய்ந்தது. இரண்டில் ஒன்று போனதே போதும், பாதை நேராகத் திறந்துகொண்டது.

மடியில் இருந்த நட்டுகளைப் பொறுக்கி எடுத்து, அண்ணனுடைய சட்டைப் பையில் ஒவ்வொன்றாகப் போட்டார் அவர்.

“மாப்பிள்ளை, இதை எங்க வெக்கிறது?” என்று அண்ணன் திணறிக்கொண்டே கேட்டான். கடை ஆட்கள் நாலு பேரும் அவனுக்கு உதவப் போகவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அதைச் சங்கம் கூடி முடிவு பண்ணுங்க மச்சான்,” என்றார்.

சுருளைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டார். கையைத் தூக்கினார். அவள் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அவர் தானாகவே உருட்டிக்கொண்டு, திறந்த இடத்தின் வழியாக எதிலும் இடிக்காமல் அந்தப் பக்கம் போனார். ஜனங்கள் வேலியோரம் ஒதுங்கினார்கள்.

தோட்டத்துப் பின்கதவு அகலத் திறந்திருந்தது. அண்ணிதான் முன்னாலேயே ஓடிப் போய் அதை முழுக்கத் திறந்திருந்தாள். திறந்துவிட்டு, கதவோடு கதவாக நின்று, தேன் வற்றிப்போன குரலில், “உள்ள வாங்க,” என்றாள். முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் நாற்காலியை நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தார்.

“வர்றோம்க்கா. எத்தனையோ வாரமாச்சு, முதல்ல தண்ணியைப் பாத்துட்டு வர்றோம். சாப்பாடு எடுத்து வைங்க.”

கதவைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, திரை போட்ட ஜன்னலைத் தாண்டி, சக்கரம் கீச்சிடக் கீச்சிட அவர் மரத்தளத்தைப் பார்த்துப் போனார். பறந்துபோன வாத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தன. பின்னால் அண்ணன், “யாராவது வந்து பிடிங்கடா,” என்று கத்துவது கேட்டது. கூடை பெஞ்சிலேயே இருந்தது. அவள் அதை எடுக்கத் திரும்பவில்லை. இரண்டு கையையும் வீசிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தாள்.